தலையில பட்ட அடியா, மனசுல வந்த பாரமா: ஸ்கேன் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தலையில அடிபட்டவங்களுக்கு அப்புறமா வர்ற மூட் பிரச்சனை பத்தி நாலு வரி எழுதினேன், அவ்ளோதான், மெயில் வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்வி, வேற வேற ரூபத்துல: இது அடியால வந்ததா, மனசால வந்ததா, ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா. முதல்லயே சொல்லிடறேன், நான் மனநல டாக்டர் இல்ல, இருட்டு ரூம்ல உக்காந்து படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுற ரேடியாலஜிஸ்ட். மாத்திரையைக் கூட்டவா குறைக்கவானு கேட்டவங்க தயவுசெஞ்சு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க.

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் 8 மாசம் முன்னாடி பைக்ல இருந்து விழுந்தார். அன்னைக்கே சிடி எடுத்தாங்க, நார்மல்னு அனுப்பிட்டாங்க. இப்போ தொட்டதுக்கெல்லாம் கோபம், ராத்திரி தூக்கமில்ல, பிள்ளைங்ககிட்ட பேசறதே குறைஞ்சு போச்சு. ஒரு டாக்டர் டிப்ரஷன்ங்கறார், இன்னொருத்தர் அடியோட விளைவுங்கறார். எந்த ஸ்கேன் எடுத்தா யார் சொல்றது சரின்னு தெரியும்?

அம்மா, ரெண்டு பேர் சொல்றதுமே சரியா இருக்கலாம், அதான் இதுல இருக்கற சிக்கலே. 2010ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, தலைக்காயத்தோட ஆஸ்பத்திரியில சேர்ந்த 559 பேரை ஒரு வருஷம் விடாம கவனிச்சாங்க, அதுல 53 சதவீதம் பேருக்கு அந்த வருஷத்துக்குள்ள முழு அளவு டிப்ரஷன் வந்திருந்துச்சு. அதனால 'அடியா டிப்ரஷனா'னு கேக்கறதுக்கு முன்னாடி, அடியும் பட்டு டிப்ரஷனும் வந்திருக்கலாம்னு மனசுல வெச்சுக்கோங்க.

அன்னைக்கு எடுத்த சிடி நார்மல்னு சொன்னது பொய்யில்ல. ஆனா அந்த சிடிகிட்ட கேட்ட கேள்வியே வேற. ரத்தம் கசியுதா, எலும்பு உடைஞ்சிருக்கா, உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகணுமா, இந்த மூணுக்கும் சிடி மாதிரி வேகமா பதில் சொல்ற மெஷின் இன்னும் வரல. நரம்பு இழை அறுந்திருக்கானு கேட்டா அதுக்கு பெரும்பாலும் கண்ணு தெரியாது. வண்டி சடார்னு நிக்கும்போது மண்டையோடு நின்னுடும், உள்ள இருக்கற மூளை நிக்காது, அது முன்னாடி போய் நெத்திக்குப் பின்னாலயும் காதுக்கு முன்னாலயும் இருக்கற கரடுமுரடான எலும்பு மேல உரசும், கூடவே மூளை முறுக்கிக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற மெல்லிய இழைங்க இழுபடும். இப்ப கவனிங்க, நெத்திக்குப் பின்னால இருக்கற அந்தப் பகுதிதான் கோபத்தை அடக்கறது, பொறுமையா இருக்கறது, ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கறது எல்லாத்தையும் பாத்துக்குது. அங்க உரசல் பட்டா வெளிய பாக்கறவங்களுக்கு அது மூட் பிரச்சனை மாதிரியேதான் தெரியும். தூக்கமின்மை, களைப்பு, கவனம் நிக்காதது, எரிச்சல், இந்த நாலும் அடியோட லிஸ்ட்லயும் இருக்கு, டிப்ரஷன் லிஸ்ட்லயும் இருக்கு.

எம்ஆர்ஐ எடுத்தா ஏதாவது தெரிய வாய்ப்பிருக்கு. அதுல ஒரு வகைப் படம் இருக்கு, எஸ்டபிள்யூஐனு சொல்லுவோம், பழைய ரத்தக் கசிவுல மிச்சமான இரும்பைக் கறுப்புப் புள்ளியா காட்டும், 8 மாசம் என்ன, பல வருஷம் கழிச்சும் காட்டும். 2013ல வந்த ஒரு ஆய்வுல, லேசான அடி, சிடி நார்மல்னு சொல்லப்பட்டவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு கொஞ்ச நாள்ல எடுத்த எம்ஆர்ஐல ஏதோ ஒண்ணு இருந்துச்சு. அப்போ மீதி 73 சதவீதம் பேருக்கு? ஒண்ணும் தெரியல. அவங்கள்லயும் எத்தனையோ பேர் மாசக்கணக்கா தலைசுத்தலோட அலைஞ்சிருப்பாங்க. டிடிஐனு இன்னொண்ணு இருக்கு, நரம்பு இழை வழியா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுனு பாக்கறது, கலர் கலரா ரொம்ப அழகா வரும், நூறு பேரை இந்தப் பக்கமும் நூறு பேரை அந்தப் பக்கமும் நிறுத்தினா வித்தியாசம் சொல்லும், உங்க வீட்டுக்காரர் ஒருத்தரைக் காட்டி இவர் எந்தப் பக்கம்னு கேட்டா முழிக்கும்.

அதனால நான் உங்களைக் கேக்கறது வேற. ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. விழறதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார், இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி மூட் அவுட் ஆகி மாசக்கணக்குல கிடந்திருக்காரா, இந்தக் கோபம் விழுந்த வாரமே வந்துச்சா இல்ல மூணு நாலு மாசம் கழிச்சு வேலையில பிரச்சனை வந்தப்புறம் வந்துச்சா, விழுந்த நிமிஷம் அவருக்கு ஞாபகம் இருக்கா, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியலையா, வாசனை தெரியுதா. இந்த கடைசிக் கேள்வியை யாரும் கேக்கறதே இல்ல. மூக்குல இருந்து மேல போற நரம்பு நெத்தி எலும்புக்கு அடியில ஓட்டை ஓட்டையா இருக்கற ஒரு தகடு வழியா போகுது, அடி படும்போது அங்க அறுந்துடும், அதனால விழுந்ததுல இருந்து வாசனை போச்சுன்னா முன்பக்க மூளையிலயும் உரசல் இருக்கலாம்னு சந்தேகம் வரும். இன்னொரு பக்கம், நான் எதுக்கும் லாயக்கில்ல, என்னால எல்லாருக்கும் கஷ்டம், பிடிச்சதுகூட பிடிக்கலனு அவர் சொன்னா அது டிப்ரஷன் பேசற பேச்சு. அப்படியே மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியோட ஹார்மோனும் தைராய்டும் பாக்கச் சொல்லுங்க, தலையில அடிபட்டப்புறம் பிட்யூட்டரி மந்தமாகி ஆளே சோர்ந்து போறது உண்டு, அது ரத்தப் பரிசோதனையில பிடிபடற விஷயம்.

எழுதினதை டாக்டர்கிட்ட குடுங்க, அவர் எம்ஆர்ஐக்கு எழுதினா அந்த ரிக்வெஸ்ட் ஃபார்ம்லயும் இதெல்லாம் இருக்கணும்னு கேளுங்க. எங்களுக்கு வர்ற ஃபார்ம் பாதி 'தலைவலி, எம்ஆர்ஐ பிரெய்ன்'னு மொட்டைத்தாத்தா குட்டையில விழுந்த கதையா வரும், எந்த மொட்டை எந்தக் குட்டைனு நாங்க எங்க போய்த் தேடறது. 'பைக் விபத்து, 8 மாசம், கோபம், வாசனை தெரியல'னு ஒரு வரி இருந்தா முன்பக்க மூளையோட அடிப்பகுதியை நான் மூணு தடவை திரும்பப் பாப்பேன்.

அவர் சாவைப் பத்திப் பேசினா மட்டும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: டிப்ரஷனை ஸ்கேன்ல கண்டுபிடிக்க முடியுமா? சுத்தி வளைக்காம ஆமா இல்லன்னு சொல்லுங்க சார்.

இல்ல.

சுத்தி வளைக்கச் சொல்லலன்னாலும் ஒரு வரி. உலகம் முழுக்க இருந்து 1,728 டிப்ரஷன் நோயாளிகளையும் டிப்ரஷன் இல்லாத 7,199 பேரையும் சேர்த்து எம்ஆர்ஐ அளந்து 2016ல வெளியிட்டாங்க. ஞாபகத்தோட சம்பந்தப்பட்ட ஹிப்போகேம்பஸ் டிப்ரஷன் உள்ளவங்களுக்கு சராசரியா 1 சதவீதம் சொச்சம் சின்னதா இருந்துச்சு. உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் நடுவுலயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். அதை வெச்சு ஒருத்தரைப் பாத்து என்னன்னு சொல்றது?

கேள்வி: கலர் கலரா மூளைப் படம் எடுத்து, இது தலைக்காயம், இது டிப்ரஷன், அதுலயும் இது எந்த வகை டிப்ரஷன்னு பிரிச்சுச் சொல்றாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன். ஸ்பெக்ட்னு பேராம். எடுக்கலாமா?

வீடியோவை நானும் பார்த்தேன், ஓட்டை விழுந்த மாதிரி மூளை, பாக்கவே திக்குனு இருக்கும். அது ஓட்டை இல்லைங்கறதை முதல்ல புரிஞ்சுக்கணும். ஸ்பெக்ட்ல டெக்னீஷியம்-99எம்ங்கற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில ஏத்துவாங்க, அது ரத்தத்தோட மூளைக்குப் போய் ரெண்டு மூணு நிமிஷத்துல அங்கங்க ஒட்டிக்கும், 6 மணி நேரத்துல அந்தக் கதிர் பாதியாயிடும். ரத்தம் அதிகமா போன இடத்துல அதிகமா ஒட்டும், குறைவா போன இடத்துல குறைவா. அந்த அளவைக் கம்ப்யூட்டர் கலராக்கும், எந்த அளவுக்குக் கீழ போனா காலியா காட்டணும்ங்கறதை உக்காந்திருக்கறவர் தீர்மானிப்பார். அந்த அளவைக் கொஞ்சம் மேல தூக்குங்க, என் மூளையிலயும் ஓட்டை வரும்.

ரத்த ஓட்டம் அடியால குறையலாம், டிப்ரஷன்லயும் நெத்திப் பகுதியில குறையலாம், சாப்பிடற மாத்திரையால மாறலாம், சிகரெட், காபி, ராத்திரி தூங்காதது, ஊசியைப் பார்த்து வந்த பயம் எல்லாத்துக்கும் மாறும். ஸ்பெக்ட் உதவாத மெஷின்னு சொல்ல வரல, வலிப்பு எங்க இருந்து கிளம்புதுனு தேடறதுக்கும் சில மறதி நோய்களுக்கும் நாங்களே அனுப்புவோம். 2015ல 20,000 பேருக்கு மேல ஸ்பெக்ட் படங்களை வெச்சு தலைக்காயத்தையும், பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற பிடிஎஸ்டியையும் பிரிச்சுக் காட்டலாம்னு ஒரு ஆய்வு வந்தது உண்மைதான், ஆனா அந்தப் படங்க எல்லாம் இதே ஸ்கேனை எடுத்துப் பிழைக்கற கிளினிக்குகளோட சொந்த ஃபைல்ல இருந்து வந்தது, எனக்கு அங்கயே இடிக்குது. 2018ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நிபுணர் குழு எல்லா ஆய்வையும் புரட்டிப் பாத்துட்டு, மனநோயை உறுதி செய்ய ஸ்கேன் இன்னும் லாயக்குப்படலனு எழுதிட்டாங்க. மூளையில வேற கோளாறு இல்லைனு உறுதி பண்ணிக்க எடுக்கறது தனி, அதுக்கு அவங்களும் ஆட்சேபம் சொல்லல.

கலர் படத்தை நம்பறவங்களுக்கு நான் வழக்கமா சொல்ற மீன் கதை ஒண்ணு. 2009ல சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை, மூளையில எந்த இடம் வேலை செய்யுதுனு காட்டற எஃப்எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள படுக்க வெச்சு, மனுஷங்க படத்தைக் காட்டி, இவங்க என்ன உணர்ச்சியில இருக்காங்கனு கேட்டாங்க. செத்த மீன்கிட்ட! கணக்கை ஒழுங்கா சரிபண்ணாம போட்டப்போ மீன் மூளையில ஒரு இடம் பளிச்சுனு எரிஞ்சுது. அவங்க காட்ட வந்ததே அதைத்தான், கணக்குல கோட்டை விட்டா செத்த மீனுக்கும் உணர்ச்சி இருக்கற மாதிரி படம் வரும்னு. 2012ல அவங்களுக்கு, முதல்ல சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கற இக் நோபல் பரிசு கிடைச்சுது.

எடுக்கலாமானு கேட்டீங்க. அந்தக் காசை ஒரு நல்ல நியூரோசைக்காலஜிஸ்ட்கிட்ட குடுங்கனு சொல்லுவேன், அவர் ரெண்டு மூணு மணி நேரம் உக்கார வெச்சு ஞாபகம், கவனம், வேகம் எல்லாம் சோதிச்சு எது சரியில்லைனு சொல்லுவார், படத்தைவிட அது உங்க வாழ்க்கைக்கு உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. ரெண்டு மாசமா மந்தமா இருக்கார், பேச்சு குறைஞ்சிடுச்சு, பேப்பர் படிக்கறதை விட்டுட்டார், சும்மா படுத்தே கிடக்கார். டிப்ரஷன்னு மாத்திரை குடுத்து 5 வாரம் ஆச்சு, முன்னேற்றமே இல்ல. இருதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். ஸ்கேன் தேவையா?

தேவை. இந்த இதழ் கைக்கு வந்த அன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

ஏன்னு சொல்றேன். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல போற சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க இழுத்துக் கட்டின நூல் மாதிரி ஆயிடும். அலமாரிக் கதவுல லேசா இடிச்சாக்கூட ஒண்ணு அறுந்து, சொட்டுச் சொட்டா வாரக்கணக்குல ரத்தம் சேரும். ரத்தம் உறையாத மாத்திரை வேற சாப்பிட்டா கேக்கவே வேண்டாம். தலைவலிகூட இல்லாம, ஆளு மந்தமாகி, நடை தள்ளாடி, பாக்கறவங்களுக்கு டிப்ரஷன் மாதிரியோ மறதி நோய் மாதிரியோ தெரியும்.

எனக்கே நடந்தது ஒண்ணு சொல்றேன். சாயங்காலம் கடைசிப் படம், எழுபதைத் தாண்டினவர், ஃபார்ம்ல 'டிப்ரஷன்'னு மட்டும் இருந்துச்சு. முதல் பார்வைக்கு ஒண்ணுமில்ல. ரத்தம் புதுசா இருந்தா சிடில வெள்ளையா தெரியும், பழசானா கறுப்பா தெரியும், நடுவுல ஒரு ரெண்டு வாரம் மூளையோட அதே சாம்பல் கலர்ல இருக்கும், கண்ணுக்குத் தப்பிடும். ஒரு பக்கம் மட்டும் சேர்ந்திருந்தா மூளையோட நடுக்கோடு தள்ளியிருக்கும், அதை வெச்சுப் பிடிச்சுடலாம், இவருக்கு நடுக்கோடும் நேரா இருந்துச்சு. நார்மல்னு டைப் பண்ணப் போனவன் ஏதோ உறுத்த மறுபடி பார்த்தேன். வயசானவர் மூளையில மடிப்புங்க நல்லா விரிஞ்சு எலும்பு வரைக்கும் வந்து தொடணும், இவருக்கு இருபது வயசுப் பையன் மாதிரி மூளை கச்சிதமா இருக்கு, மடிப்புங்க எலும்பைத் தொடாம ஒரு விரல் தள்ளியே நிக்குது, ரெண்டு பக்கமும். ரெண்டு பக்கமும் சமமா ரத்தம் சேர்ந்து அமுக்கிக்கிட்டு இருந்துச்சு, அதான் நடுக்கோடு அசையல. ஃபோன் பண்ணினேன். மண்டையில சின்ன ஓட்டை போட்டு வடிச்சாங்க, கொஞ்ச நாள்ல பழையபடி பேப்பர் கேட்டாராம். எப்போ இடிச்சுக்கிட்டார்னு வீட்டுல யாருக்கும் ஞாபகமில்ல, அவருக்கும்தான்.

எல்லாருக்கும் இப்படி இருக்கும்னு சொல்லல. ஆனா இந்த வயசுல முதல் தடவையா வர்ற 'டிப்ரஷன்', மாத்திரைக்கு அசையாத 'டிப்ரஷன்', கூடவே நடை மாறுறது, ஒரு பக்கம் கை பலம் குறையறது, இதெல்லாம் ஒரு சிடி எடுத்துப் பாக்க வேண்டிய சமாச்சாரம். நெத்திப் பக்கம் மெதுவா வளர்ற கட்டிகளும் இதே வேஷம் போடும். இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தலைவலி, ரப்பர் கருகற வாசனை வருதுனு சொல்லிக்கிட்டே இருந்தார், மனசுப் பிரச்சனைனு நினைச்சாங்க, 1937ல 38 வயசுல மூளைக் கட்டியில செத்துப் போனார். அப்போ சிடியும் இல்ல எம்ஆர்ஐயும் இல்ல, நமக்கு அந்தச் சாக்கு இல்லையே.

கேள்வி: எனக்கு 36 வயசு. டிப்ரஷனுக்காகப் போனப்போ எம்ஆர்ஐ எடுத்தாங்க. 'வெள்ளைப் பகுதியில சில குறிப்பற்ற புள்ளிகள்'னு ரிப்போர்ட். என் டிப்ரஷனுக்கு இதுதான் காரணமா? எப்பவோ தலையில அடிபட்டதா?

அந்த வரியை வாரத்துக்கு இருபது தடவை நானே எழுதறேன், எழுதி எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கேனோ. ஒற்றைத் தலைவலி, பிரஷர், சிகரெட், வயசு, சில சமயம் ஒண்ணுமே இல்லாமகூட அந்தப் புள்ளிங்க வரும். 'குறிப்பற்ற'ன்னா எங்களுக்கும் காரணம் தெரியலனு அர்த்தம், அதை கௌரவமா சொல்றோம். நெதர்லாந்துல எந்த நோயும் சொல்லாத 2,000 பேரை எம்ஆர்ஐ எடுத்தாங்க, நடுத்தர வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க, அதுல 7 சதவீதம் பேருக்கு அவங்களுக்கே தெரியாம சின்ன ஸ்ட்ரோக் வந்து போன தடம் இருந்துச்சு, 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாய்ல வீக்கம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. ஒரு தடவை பிரஷர் பாருங்க, ஒற்றைத் தலைவலி உண்டானு டாக்டர்கிட்ட சொல்லுங்க, டிப்ரஷன் வைத்தியத்தைப் பாதியில விடாதீங்க.

கேள்வி: ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அம்மா எதுக்கெடுத்தாலும் அழறாங்க. டிவி விளம்பரம் பார்த்துகூட. கேட்டா எனக்கு வருத்தமே இல்லடானு சொல்றாங்க. மறைக்கறாங்களா?

மறைக்கல தம்பி, உண்மையைத்தான் சொல்றாங்க. அழுகையைக் கட்டுப்படுத்தற பாதையில அடி விழுந்தா உள்ள வருத்தம் இல்லாமலே கண்ணுல தண்ணி கொட்டும், சில பேர் சிரிப்பை நிறுத்த முடியாம சிரிப்பாங்க, தலைக்காயத்துலயும் இது உண்டு. சூடோபல்பர் அஃபெக்ட்னு பேரு. சட்டுனு வந்து சட்டுனு நின்னுடும், டிப்ரஷன் அழுகை அப்படி நிக்காது. இதுக்குத் தனியா மருந்து இருக்கு. ஆனா ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு நிஜ டிப்ரஷனும் வரும்ங்கறதால, தூக்கம், ஆசை, பேச்சு எப்படி இருக்குனும் சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. புது ஸ்கேன் எதுவும் இதைப் பிரிச்சுச் சொல்லாது, அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் சொல்லிடுச்சு.

கேள்வி: ஸ்கேன் நார்மல்ங்கறதால ஆபீஸ்ல நான் நடிக்கறேன்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

'எம்ஆர்ஐல ஒண்ணும் தெரியல'ங்கறதுதான் நாங்க எழுதறது, 'இவருக்கு ஒண்ணுமில்ல'னு எந்த ரேடியாலஜிஸ்ட்டும் எழுத மாட்டான், எழுதினா அவன் தன் வேலையைத் தாண்டிப் பேசறான். ஒற்றைத் தலைவலிக்காரன் ஸ்கேனும் நார்மலாதான் இருக்கும், அவன் வலியை யாராவது நடிப்புங்கறாங்களா? டாக்டர்கிட்ட அறிகுறியைத் தேதியோட எழுதி ஒரு சான்றிதழ் கேளுங்க, நியூரோசைக்காலஜி டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தா இன்னும் நல்லது, முழுசா முயற்சி பண்றீங்களானு கண்டுபிடிக்கற சோதனையும் அதுக்குள்ளயே இருக்கு.

கேள்வி: ரத்த டெஸ்ட்லயே மூளைக்காயம் தெரியும்ங்கறாங்களே?

தெரியும், ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல. 2018ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அப்படி ஒரு டெஸ்டுக்கு அனுமதி குடுத்துச்சு, மூளை செல் சேதமானா ரத்தத்துல கசியற ரெண்டு புரதத்தை அளக்கறது. அடிபட்டு 12 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், சிடி தேவையா இல்லையானு முடிவு பண்ணத்தான் அது. ஆறு மாசம் கழிச்சு வர்ற சோர்வுக்கு அதுகிட்ட பதில் இல்ல.

கேள்வி: எம்ஆர்ஐ உள்ள போனா மூச்சு முட்டுது டாக்டர், பாதியிலயே வெளிய வந்துட்டேன். ஒரு சிடியே போதும்னு எடுத்துக்கலாமா?

எதுக்காக எடுக்கறாங்கங்கறதைப் பொறுத்தது. புதுசா அடி, ரத்தக் கசிவு சந்தேகம்னா சிடி போதும். பழைய அடியோட தடயம் தேடறாங்கன்னா சிடி எடுத்துப் பிரயோஜனமில்ல, கதிரியக்கம்தான் மிச்சம், தலைக்கு எடுக்கற சிடி ஒண்ணு சுமாரா 2 மில்லிசீவர்ட், இயற்கையா ஒரு வருஷத்துல நம்ம மேல படற அளவுக்குக் கொஞ்சம் கம்மி. எம்ஆர்ஐல அது இல்ல. அடுத்த தடவை போகும்போது மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடியே கண்ணு மேல ஒரு துணி போடச் சொல்லுங்க, உள்ள போனப்புறம் கண்ணைத் திறக்காதீங்க, கையில குடுக்கற பஸ்ஸரை ஒரு தடவை அமுக்கிப் பாத்துக்கோங்க. அமுக்கினா நாங்க நிஜமாவே ஓடி வருவோம்.